‘கூட யாரு வாசிக்கா?’ என்று கேட்டவர்

செய்தி இசக்கிமுத்து மூலம் வந்தது. தாலுகா அலுவலக வாசலில், ஒரு கூட்டம் முடிந்து அதிகாரிகள் வெளியே வருவதற்காக நான் காத்திருந்தேன். “அண்ணாச்சி, நம்ம நாயகம் அண்ணாச்சி போயிட்டாவ” என்றார். இசக்கிமுத்து மெல்லிசைக் குழு நடத்துபவர், அதில் ட்ரம்ஸ் வாசிப்பவர். போனில் எப்போதும் கத்திப் பேசுவார். அன்று குரல் தாழ்ந்திருந்ததால் நான் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. நெஞ்சுவலி என்று முந்தின நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காலையில் முடிந்துவிட்டது. உடல் எப்போது வரும், எடுப்பது எப்போது என்று தொழில் பழக்கத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். குறித்த பிறகுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதில்லை என்று உறைத்தது. இசைக்கருவி விற்ற ஒருவர் இறந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு இடம் இருக்காது. ஆகவே அவரை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் ராஜபாளையம் சாலையில், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ‘முப்பிடாதி மியூசிக்கல்ஸ்’ என்ற பலகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோமதிநாயகம் அதன் உரிமையாளர். ஆர்மோனியம், தபேலா, கீபோர்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கான சலங்கை என்று எல்லாம் வைத்திருந்தாலும், சுற்றுவட்டாரக் கச்சேரிக்காரர்கள் அவரைத் தேடிப் போனது பேஸ் கிடாருக்காக. சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிடாருக்கு நாலு, அவையும் தடித்தவை. மேடையில் அதை வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் நிறுத்தினால் மட்டும் பாட்டு திடீரென்று மெலிந்துபோகும்.

குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மகன் வாங்கிப்போன கிடாரை மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். “அண்ணாச்சி, ரெண்டு கம்பி கொறையுது. பய பாக்காம வாங்கிட்டு வந்துட்டான்” என்றார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. “கொறையல. இது பேஸு. மத்த ஆறு கம்பியையும் தாங்குதது இந்த நாலுதான்” என்றார். வந்தவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப வெலயில ரெண்டு கம்பிக்குக் கொறைச்சிருக்கணும்லா?” என்று கேட்டார். இதைப் பல வருடங்கள் கோமதிநாயகமே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு கட்டுரையால். திருநெல்வேலியில் பெரிய இசைக்கருவி நிறுவனம் ஒன்று கிளை திறந்தது. பல ஊர்களில் கடை உள்ள நிறுவனம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்க வரிசையாக மாட்டிய கிடார்கள். சிறு கடைகளின் நிலை பற்றி எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் அழுவேன்னு நெனச்சு வந்தீராக்கும்?”

“அப்படியில்ல அண்ணாச்சி. யாவாரம் எப்படி இருக்குன்னு…”

“அங்கன ஏசி இருக்கு. இங்கன ஃபேன் இருக்கு, அதுவும் கரண்டு இருந்தா. இதுல எழுதுததுக்கு என்ன இருக்கு வே?”

அவர் அந்தக் கடைக்கு ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தார். நல்ல கடை என்றார். கீபோர்டு கேட்டு வருபவர்களைத் தாமே அங்கே அனுப்பினார், ஏனென்றால் கேரண்டி அவர்களால்தான் கொடுக்க முடியும். தவணை முறையும் அங்கேதான் உண்டு. அவரிடம் மட்டும் இருப்பது என்ன என்று கேட்டேன். செட்டைப் பிரித்து ஒற்றைக் கம்பி விற்பேன், கச்சேரிக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தினால் மாட்டியும் தருவேன் என்றார். அப்போது மின்தடை. பேஸ் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். அவர் ஒரு கிடாரை எடுத்து, அதன் தலைப்பாகத்தைக் கடையிலிருந்த மர பீரோவில் அழுத்தி வைத்துக்கொண்டு கம்பியைத் தட்டினார். பீரோ முழுவதும் அதிர்ந்து பேசியது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அவர் அப்படித்தான் விற்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “நலிவுன்னு மட்டும் போட்டுராதயும். வீட்டுல பொண்ணு இருக்கா. பாக்க வாரவுக பேப்பர் படிப்பாவ” என்றார். நான் போடவில்லை. ஆசிரியர் குழு தலைப்பில் போட்டுவிட்டது. பெண்ணுக்கு அதன் பிறகுதான் நல்ல இடம் அமைந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. பேஸ் கிடார் கேட்டு யார் வந்தாலும் விலையோ நிறமோ பேசுவதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: “கூட யாரு வாசிக்கா?” தனியாக வந்தவருக்குப் பேஸ் கிடையாது. ட்ரம்ஸ் அடிப்பவரைக் கூட்டி வந்து, இரண்டு பேரும் சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். “மத்த வாத்தியம் எல்லாம் தனியாக் கெடந்து படிச்சுக்கிடலாம். இத ஒருத்தனாப் படிச்சா மூணு மாசத்துல சுவத்துல மாட்டிருவான்” என்பது அவர் வாதம். சுவரில் மாட்டிய கிடாரைப் பற்றி அவருக்கு ஒரு அருவருப்பே இருந்தது. இந்த வழக்கத்தால் கைக்கு வந்த வியாபாரம் பல நேரம் திருநெல்வேலி பஸ் ஏறியது. அந்தப் பெரிய கடையில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

முத்துலட்சுமி வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன். சிவகிரிக்காரர், தாலுகா அலுவலகத்தில் எழுத்தர், முப்பது வயதைத் தாண்டியவர். கல்லூரி விடுதியில் தோழியின் கிடாரில் பழகியவர். இசக்கிமுத்து குழுவின் பேஸ் வாசிப்பாளர் சவூதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கோயில் கொடைத் திருவிழாக் காலம் வேறு நெருங்கியிருந்தது. அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது முத்துலட்சுமிக்குத் தெரியும். கோமதிநாயகம் கை காட்டுபவரைத்தான் இசக்கிமுத்து சேர்ப்பார் என்பதும் தெரியும். கிடார் வாங்குவதைவிட அந்த இடம்தான் அவருக்கு முக்கியம். “கொடைக்கு ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்திருப்பேன். பாட்டு நின்ன பொறவும் நெஞ்சுக்குள்ள ஒண்ணு அடிச்சிக்கிட்டே இருக்கும்லா, அது எந்த வாத்தியம்னு சின்னதுலேர்ந்து தேடிக் கண்டுபிடிச்சேன்” என்றார்.

கோமதிநாயகம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“இனிமேதான் சேரணும், அண்ணாச்சி.”

“அப்ப ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க தாயி.”

“கிடார் இருந்தாத்தான ஆளுக சேத்துக்கிடுவாவ? நீங்க ஆளு இருந்தாத்தான் கிடாருங்கிய. பொண்ணு பாக்குத எடத்துலகூட இப்படிக் கேக்க மாட்டாவளே!”

“கடை வழக்கம் அது.”

“எங்க சித்தப்பா ஒருத்தர்…” என்று அவர் ஆரம்பித்தார். கோமதிநாயகம் அதற்குள் கம்பி தேடி உள்ளே போயிருந்தார். முத்துலட்சுமி சிறிது நேரம் நின்றார். அந்தக் கடையில் வாங்க வந்தவர்கள் உட்கார எதுவும் கிடையாது. என்னைப் பார்த்தார், நான் அந்நியன். போய்விட்டார். கோமதிநாயகம் திரும்பி வந்து, “போயிட்டாளா?” என்றார்.

அந்த வார இறுதியில் முத்துலட்சுமி திருநெல்வேலிக்குப் போய் அந்தப் பெரிய கடையில் ஒரு கறுப்பு பேஸ் கிடார் வாங்கினார். பின்னால் அவரே என்னிடம் சொன்னது: சீருடை அணிந்த பையன் நாற்காலி போட்டான், ‘மேடம்’ என்றான், காதில் ஹெட்போன் மாட்டி இஷ்டம்போல் வாசித்துப் பார்க்க விட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கட்டுரைக்கு இந்த விவரம் முன்பே கிடைத்திருந்தால் சேர்த்திருப்பேன்.

சில நாள் கழித்து அந்தக் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் முப்பிடாதி மியூசிக்கல்ஸ் படியேறினார். பின்னாலேயே ராயகிரியிலிருந்து வந்த அவருடைய சித்தப்பா வேலுச்சாமி, தோளில் தவில். கோயில் கொடைகளில் நையாண்டி மேளத்துக்கு வாசிப்பவர். உரக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

“ஆளக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றார் முத்துலட்சுமி.

கோமதிநாயகம் தவிலைப் பார்த்தார். “ட்ரம்ஸ்லா சொன்னேன்.”

“ரெண்டும் தோலுதான அண்ணாச்சி? அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க உள்ள போயிட்டிய.”

வேலுச்சாமி குறுக்கே புகுந்தார். “வே, என் தவிலு என்ன எளக்காரமா? ஒம்ம ட்ரம்ஸ்காரன இங்கன வரச் சொல்லும். யாரு கை மொதல்ல நோவுதுன்னு பாப்போம்.”

கோமதிநாயகம் அந்தக் கிடாரைக் கையில் வாங்கினார். எங்கே வாங்கியது என்று அதன் உறையிலேயே எழுதியிருந்தது. ஒரு கம்பியை அழுத்தினால் கரகரத்தது. சின்னச் சாவி ஒன்றை எடுத்துக் கழுத்துப் பகுதியை முடுக்கினார், கம்பிகளின் உயரத்தைச் சரிசெய்தார், ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். “வாசிங்க” என்றார்.

என்ன பாட்டு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வேலுச்சாமி கொடையில் அடிக்கிற வேகத்தில் தொடங்கினார். தவில் ஓடுகிற ஓட்டத்துக்கு அந்தப் பெண் ஓடவில்லை. அடியில் குறைவான ஸ்வரங்களைப் போட்டு, சித்தப்பா எங்கே திரும்பினாலும் அங்கே முன்னாலேயே போய் நின்றார். ஓரிடத்தில் தவறினார். வேலுச்சாமி அதே அடியைத் திரும்ப அடித்துக் காத்திருந்தார், அவர் வந்து சேர்ந்துகொண்டார். அந்த இடத்தில் கோமதிநாயகம் தலையை ஆட்டினார்.

முடிந்ததும் போனை எடுத்தார். “ஏலே இசக்கி, ஆளு கெடச்சாச்சு. வந்து பாரு.”

இசக்கிமுத்து வந்தார். பார்த்ததும் தயங்கினார். “பொம்பளப் பிள்ளையா அண்ணாச்சி? ஊரு ஊராப் போணும்லா. கச்சேரி முடிஞ்சு வீடு வந்து சேர விடிஞ்சிரும்.”

“எலெக்சன் வந்தா ஆபீஸ்ல விடிய விடியத்தான் இருக்கோம். அப்ப யாரும் பொம்பளப் பிள்ளையான்னு கேக்கலயே” என்றார் முத்துலட்சுமி.

“அதுக்கில்லம்மா. நம்ம குழுவுல தவில் கிடையாது…”

“ஏலே” என்றார் கோமதிநாயகம். “அந்த மனுசன் தவிலுக்கு ஈடு குடுத்தவளுக்கு ஒன் ட்ரம்ஸ் எம்மாத்திரம்? நீ தப்புனாலும் அவ நின்னு கூட்டிக்கிட்டுப் போவா. ஒனக்கு அதான் வேணும்.”

இசக்கிமுத்து குழுவில் அன்றிலிருந்து பேஸ் வாசிப்பது முத்துலட்சுமிதான். முதல் சில கொடைகளில் மேடைக்குக் கீழே கேலி பேசியவர்கள் இருந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கோமதிநாயகத்துக்கு அந்த ஏற்பாட்டில் வியாபாரம் என்று எதுவும் இல்லை. கிடார் வேறு கடையில் வாங்கியது. கம்பி மட்டும் அவரிடம் வாங்கினார், அதுவும் ஒற்றைக் கம்பியாக.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், அந்த வழக்கம் தவறு என்று இப்போது ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். நிருபர் கேட்கிற கேள்வி, கொஞ்சம் குத்தலாகவே இருந்திருக்கும். அவர் அவசரப்படவில்லை.

“கேட்டது தப்பில்ல வே. கூட வாசிக்க ஆளு வேணும்கிறதும் தப்பில்ல. அந்தப் பிள்ள பதில் சொல்ல வாயெடுத்தா. நான் உள்ள போயிட்டேன். அவ இசக்கிகிட்ட சேராமப் போயிருந்தா அது என்னாலதான். திருநெல்வேலிக் கடைக்காரன் கேக்கவே இல்ல, அவன் தப்பிச்சான். நான் கேட்டுட்டு நிக்கல.”

அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியை நிறுத்தவில்லை. உங்களில் சமீபத்தில் போனவர்களுக்குத் தெரியும், கேட்டுவிட்டு மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். “நின்னுக்கிட்டிருக்கவன் முழுசாப் பதில் சொல்ல மாட்டான்” என்று என்னிடம் காரணம் சொன்னார். தனியாக வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, தங்களுக்கு யாரும் இல்லை என்பதை நிதானமாகச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்கு விற்றார். சிலருக்கு விற்கவில்லை. விற்காதவர்களில் சிலரைத் தாமே ஏதாவது ஒரு குழுவுக்குப் போன் செய்து சேர்த்துவிட்டார். சிலர் நேராகத் திருநெல்வேலிக்குப் போனார்கள், அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கடை என்னவாகும் என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. வீட்டில் இன்னும் யாரும் அதைப் பேசவில்லை.

அவருடைய தொழிலிலிருந்து எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எனக்கு இசை தெரியாது, கிடார் பிடிக்கவும் தெரியாது. ஆனால் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். கேட்டதும் அடுத்த கேள்விக்கோ கடைசிப் பஸ்ஸுக்கோ மனம் போய்விடும். இப்போது முடிந்தவரை நிற்கிறேன். எதிரே இருப்பவர் “எங்க சித்தப்பா ஒருத்தர்” என்று சம்பந்தமில்லாமல் எதையோ தொடங்கினாலும், முடிக்கும்வரை நிற்கிறேன். கோமதிநாயகம் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.