டைமிங் கோடும் திங்கட்கிழமையும்

வாகனம் ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பார். கராஜில் நிற்கிறவன் கோட்டைப் பார்க்க வேண்டும். என்ஜினுக்குள் கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்குவது கிராங். மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். இரண்டையும் பல்லுப் பல்லாகப் பிடித்து ஒன்றாகச் சுற்ற வைப்பது டைமிங் பெல்ட். இரண்டு பக்கமும் அடையாளத்துக்கு ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். கோட்டுக்குக் கோடு நேராக வைத்துப் பெல்ட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்பதை, வாழைச்சேனையில் நானும் கூட்டாளி நஸீரும் நடத்துவதைப் போல ஒரு கராஜை நடத்துகிறவர்களுக்கும், அதன் வாசலில் காத்திருந்து கால் கடுத்தவர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு பல்லு

ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் தன் காரைக் கொண்டுவந்தார். பெல்ட் மாற்றிய நாளிலிருந்து காருக்கு இழுவை இல்லை, பெற்றோலை மட்டும் குடிக்கிறது என்றார். காபரேட்டரைக் கழுவியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. கண்ணூறு என்று யாரோ சொல்ல, அதற்கும் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

கவரைக் கழற்றினால், கேம் ஒரு பல்லுத் தள்ளி நிற்கிறது. பெல்ட்டை இளக்கி, கோட்டைச் சரியாக வைத்து மறுபடி இறுக்கினேன். கார் முனகாமல் ஓடியது. ஹாஜியாருக்குச் சந்தோஷம்தான், ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு பல்லு மாறினதுக்கா இவ்வளவு பாடு என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்: “எனக்கு நாலு பல்லு இல்ல தம்பி, நான் நல்லாத்தானே ஓடித் திரியிறன்.”

பனிச்சங்கேணியில் நின்ற வேன்

செல்வமலரின் வேனை ஒரு வியாழக்கிழமை உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பனிச்சங்கேணிப் பக்கத்துப் பெண்கள் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கவும் துணி வெளுக்கவும் போவார்கள். விடியற்காலையில் அவர்களை ஏற்றிப் போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவது செல்வமலர். வேனும் அவளுடையதுதான், ஓட்டுவதும் அவள்தான். அன்று காலை வழியில் பெல்ட் அறுந்து, பெண்கள் கண்ட வாகனத்தில் ஏறி வேலைக்குப் பிந்திப் போயிருக்கிறார்கள். வார முடிவை எப்படியாவது சமாளிக்கலாம், திங்களும் வேன் வராவிட்டால் வேறு வேன் பிடித்துக்கொள்வோம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்களாம்.

திறந்து பார்த்தோம். பெல்ட் அறுந்த வேகத்தில் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து, அவை வளைந்து கிடந்தன. என்ஜின் பழசு, செலவழித்து வேலையில்லை, இரும்புக்குக் கொடுத்துவிட்டு வேறு வேன் பார்ப்பதுதான் புத்தி என்று நஸீர் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை, நானும் தலையாட்டினேன். செல்வமலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தாள். “நான் வேனைப் பற்றிக் கேட்கல்ல அண்ணன், திங்கட்கிழமையைப் பற்றித்தான் கேட்டன்.”

கையும் கோடும்

அதற்குப் பிறகு பின்வாங்க எனக்கு மனம் வரவில்லை. நஸீரும் முறுக்கிக்கொள்ளவில்லை, புது வால்வுகளைத் தேடி எடுத்து, வால்வுகள் உட்காரும் ஹெட்டைத் தானே இழைத்துக் கொடுத்தான். ஞாயிறு காலை பெல்ட் போட வேண்டியதுதான் மிச்சம். கிராங்கில் உள்ளே இருந்த சின்ன அடையாளத்தை உப்புக்காற்றின் துரு தின்றுவிட்டிருந்தது. அதனால் அதே கிராங்கின் வெளிமுனையில் இருக்கும் பெரிய புல்லிச் சக்கரத்தின் கோட்டைப் பார்த்துப் பெல்ட்டைப் போட்டேன்.

ஸ்டார்ட் அடிக்க முன்பு என்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். ஸ்பானரைப் போட்டுச் சுற்றினால், ஓரிடத்தில் ‘டக்’ என்று தட்டி நிற்கிறது. பெல்ட்டைக் கழற்றினேன், கோட்டைப் பார்த்தேன், மறுபடி போட்டேன். அதே இடத்தில் அதே தட்டு. இன்னும் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம் அமத்தினால் புது வால்வும் வளைந்துவிடும். செல்வமலர் டயரிலிருந்து எழும்பி வந்து பக்கத்தில் நின்றாள். நஸீர் குனிந்து கோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “கோடு சரியெண்டு சொல்லுது, உன்ட கை பிழையெண்டு சொல்லுது. நீ ஆருட பக்கம் மச்சான்?”

மூங்கில் குச்சி

நான் கையின் பக்கம். கோட்டை விட்டுவிட்டுப் பிஸ்டனையே கேட்பது என்று முடிவெடுத்தேன். முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்தான் கிராங்கின் உண்மையான இடம். வால்வுகள் தட்டாதபடி கேமைத் திருப்பி வைத்து, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு மூங்கில் குச்சியை இறக்கினேன். பிஸ்டன் ஏற ஏறக் குச்சியும் ஏறும். உச்சியில் அது கொஞ்சம் தரித்து நிற்பதால் சரியான இடம் பிடிபடாது. ஆகவே குச்சியில் ஒரு கீறல் போட்டு, ஏறும்போது கீறல் ஓட்டையின் வாய்க்கு வந்த இடத்தில் புல்லியில் ஒரு கோடு, இறங்கும்போது அதே கீறல் வந்த இடத்தில் இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவே உச்சி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

குச்சியைச் செல்வமலர் பிடித்தாள், நஸீர் கிராங்கைச் சுற்றினான், நான் கோடு போட்டேன். அவள் நில் என்ற இடத்தில் அவன் நின்றான். நடுவைக் கண்டுபிடித்தால், பழைய கோடு அதற்குக் கிட்டவும் இல்லை. அந்தப் புல்லி உள்ளே ஓர் இரும்பு, வெளியே ஒரு வளையம், இடையில் ரப்பர் என்று செய்தது. ரப்பர் கிழடு தட்டி, வெளி வளையம் கோட்டையும் கொண்டு வழுக்கிப் போயிருக்கிறது. புதுக் கோட்டுக்குப் பெல்ட்டைப் போட்டுக் கையால் சுற்றினேன். தட்டவில்லை. இன்னொரு புல்லியைத் தேடி மாட்டிவிட்டு, செல்வமலரையே சாவியைத் திருப்பச் சொன்னேன். என்ஜின் இருமி, பிடித்து, சீராக ஓடியது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து எடுத்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப பொய் சொன்னது கோடா? நான் இவ்வளவு நாளும் வேனைத்தானே ஏசிக்கிட்டிருந்தன்.”

எங்கட வண்டி

செல்வமலரின் வேன் இன்றும் அதே ஓட்டத்தில்தான் இருக்கிறது. அது அந்தத் திங்கட்கிழமை காலை, பெண்கள் வேனுக்குக் காத்து நிற்கும் சந்தியில் தீர்ந்த விஷயம். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஸ்பானர்ப் பையோடு நானும் முன்சீற்றில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அவள் ரோட்டைப் பார்த்தாள், நான் என்ஜினுக்குக் காது கொடுத்தேன். சந்திக்குப் போனால், எங்களுக்கு முன்பே ஒரு புது ஏசி வேன் கதவைத் திறந்தபடி நிற்கிறது. எங்கள் வேன் வருமா என்று பார்க்காமலே ஹோட்டல் அனுப்பிவிட்டது. செல்வமலர் வேனை ஓரம் கட்டினாள். ஹோர்ன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

பெண்கள் இரண்டு வேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி ஏசி வேனின் படியில் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்தாள். அவர்களுக்குள் மூத்தவ, ஹோட்டலில் படுக்கை விரிப்பைத் தேய்த்து மினுக்குகிற குணமணி அக்கா, தன் சாப்பாட்டுப் பையை எங்கள் வேனுக்குள் வைத்தா. மறுகா அந்த டிரைவரிடம் போய், கோபமில்லாமல் சொன்னா: “தம்பி, நீங்க சுணங்காமப் போங்க மனே, எங்கட வண்டி வந்திட்டு.”

ஆக, என்னைப் போலக் கிறீஸ் கையோடு சோறு தின்கிறவர்களே, என்ஜின் ஓடினால் அது வாகனத்தின் நல்ல குணம், நின்றால் அது நம்முடைய கைப்பிழை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டுவிட்டால், இதைவிட நிம்மதியான தொழில் வேறு இல்லை.