நான் தூது போன மழைக்காலம்

நான்காம் வகுப்பு படித்த அந்த மழைக்காலம் முழுவதும் கரமனை வீட்டில் எனக்குத்தான் மவுசு. அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் அக்கிரகாரத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். குரல் உயர்ந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் கோபம் என்றால் மௌனம், மௌனம் என்றால் நடுவில் ஒரு குழந்தை.

"அப்பாகிட்ட சொல்லு, காபி ஆறறது" என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் இருப்பார். நான் திரும்பி அவரிடம் சொல்வேன். "வெச்சுட்டுப் போகச் சொல்லு." அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஆற்றிலிருந்து ஈரக்காற்று வரும், பகலிலேயே விளக்கு எரியும், வீடே தண்ணீருக்குள் இருப்பதுபோல் தோன்றும். அந்த அரையிருட்டில் நான் இங்கும் அங்கும் மிதந்துகொண்டிருந்தேன். அம்மாவின் பெட்டி பரணிலிருந்து இறங்கிக் கட்டிலடிக்கு வந்திருந்தது. அவளும் நானும் திருநெல்வேலி மாமா வீட்டுக்குப் போகப்போகிறோமாம். அப்பா வரமாட்டாராம்.

அப்போதுதான் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் 'ஈச் அதர்' வந்தது. இவர் அவருக்கும் அவர் இவருக்கும் ஒன்றையே செய்தால் அப்படிச் சொல்ல வேண்டும். வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் யோசித்து வா என்றார் டீச்சர். மறுநாள் எழுந்து நின்று, 'மை ஃபாதர் அண்ட் மதர் டு நாட் டாக் டு ஈச் அதர்' என்றேன். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். பிறகு என் தலையைத் தடவி, "மிடுக்கி, தெற்றில்லா" என்று மலையாளத்தில் சொன்னார்.

நான் கெட்டிக்காரியாம், தப்பே இல்லையாம்! அன்று மாலை கூடத்தில் நின்று அந்த வாக்கியத்தை உரக்கச் சொன்னேன். இருவருக்கும் சேர்த்து நான் செய்தி சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேட்டேளா?" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

"கேட்டேன்" என்றார் அப்பா. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு அப்பா ஸ்டூலில் ஏறிப் பெட்டியைப் பரணில் வைத்தார். அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று அவரிடமே சொன்னாள். காபியையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். வாக்கியத்தில் எங்கோ பிழை இருந்திருக்கிறது, டீச்சர் கவனிக்கவில்லை, அதனால்தான் என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.