சனிக்கிழமை நடந்து வந்தவர்

கோபன்ஹேகன் தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் துணி வெட்டிய மனிதரின் சட்டைக்குக் கீழே எந்நேரமும் வெள்ளை நூல்கள் தொங்கும். பிசிறு நூல் நறுக்குவதுதான் அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஆகவே இரண்டாம் நாளே, உதவி செய்கிற நினைப்பில், கத்தரிக்கோலோடு அவர் இடுப்புப் பக்கம் குனிந்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து “நை, நை” என்றார். வேண்டாம் என்பது விளங்கியது, ஏன் என்பது விளங்கவில்லை. கிழிந்த உடுப்பைச் சுட்டிக்காட்டி அவமானப்படுத்திவிட்டேனோ என்று அன்று முழுக்கக் கூசிப்போயிருந்தேன்.

அவர் பெயர் டேவிட். போலந்திலிருந்து அகதியாக வந்து இருபது வருடமான யூதர். எனக்கு டேனிஷ் கொஞ்சம் பிடிபட்ட பிறகு, அந்த நூல்கள் வேதத்தின் கட்டளை என்று சொன்னார். பார்க்கும்போதெல்லாம் கடவுள் சொன்னது நினைவுக்கு வரவேண்டும், கண் போன போக்கில் மனம் போகக்கூடாது என்பதற்காக முடிச்சிட்டு அணிவதாம்.

எனக்கு நினைவூட்ட நூல் தேவைப்படவில்லை. ஆன் என்ற மூன்று வயது மகளையும் மனைவி பிலோமினாவையும் மன்னாரில் விட்டு வந்திருந்தேன். அவர்கள் போரில் இடம்பெயர்ந்து மாதா கோவில் மண்டபத்தில் படுத்தார்கள். குடும்பத்தை அழைக்கச் சட்டம் உரிமை தந்திருந்தது. விண்ணப்பித்து வருடம் கடந்தும் பதில் இல்லை. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் கோப்புகளை அரசாங்கமே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்ததைப் பின்னர் டென்மார்க் நாடே அறிந்தது. அப்போது நாங்கள் அறிந்ததெல்லாம் வெறுமையாகக் கிடந்த கடிதப் பெட்டிதான். அறையில் தனியே இருக்கப் பயந்து சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். டேவிட்டோ, மேற்பார்வையாளர் எவ்வளவு முறைத்தாலும் சனிக்கிழமை வந்ததில்லை. வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள்.

‘பிள்ளைக்கு உங்கள் முகம் மறந்துபோச்சு’ என்று பிலோமினா எழுதியிருந்த வெள்ளிக்கிழமை, டேவிட் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பொழுதுபடுமுன் அவர் மனைவி மெழுகுதிரி ஏற்றினார். பின்னல் போட்ட ரொட்டி மேசையில் இருந்தது. என் கோப்புக்காகச் செபிக்கச் சொல்லி டேவிட்டிடம் கேட்டேன்.

“ஓய்வுநாளில் நாங்கள் எதையும் கேட்டு மன்றாடுவதில்லை. எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்து உட்கார வேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. என் வேலை முடியவில்லையே என்றேன். தன்னுடையதும் முடியவில்லை என்றார்.

“உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் கட்டளை. நீ என் வாசலுக்குள் இருக்கிறாய். சாப்பிடு.”

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த கட்டளைதான். அதற்குள் எனக்கும் ஓர் இடம் இருந்தது தெரியாமலே இருந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கோப்பு என்னை ஆளவில்லை.

கடைசியில் அனுமதி வந்தது. விமானம் இறங்கிய நாள் கோடைகாலத்துச் சனிக்கிழமை. அன்று டேவிட் கார் ஓட்டமாட்டார் என்பதால் அவரை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. விமானநிலைய வாசலில் காத்து நின்றபோது, வேர்த்து நனைந்த சட்டையோடு அவர் வந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்திருக்கிறார். ஓய்வுநாளில் வெளியே எதையும் சுமக்கக்கூடாதென்று ஒரு பூவைக்கூடக் கொண்டுவரவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. பிலோமினா நடந்து வரவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பிறகு என் காதருகே கேட்டாள்:

“ஆரப்பா இவர்? ஒரு பையைக்கூடத் தூக்கேல்லை.”

“தூக்கக்கூடாது. உங்களைப் பாக்கவெண்டே நடந்து வந்தவர்.”

“வெல்கொம்மன்” என்று வரவேற்றார் டேவிட். அவள் கைகூப்பினாள். நாங்கள் பஸ் ஏற, அவர் திரும்பவும் நடந்தார். அரசாங்கமே மறித்தும் என் குடும்பம் வந்து சேர்ந்துவிட்டது. நான்கு பைகளையும் தனியே சுமந்தேன். பாரமே தெரியவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு என் அறையில் பிலோமினா மாதா சுரூபத்தை யன்னலோரம் வைத்துச் செபமாலைக்குக் கூப்பிட்டாள். வெளியே உச்சி வெயில்போல எறித்தது. “இன்னும் பொழுதுபடேல்லையே, எப்பிடிச் செபிக்கிறது?” என்று தயங்கினாள். நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன். அறைக்குள் மன்னாரின் மைம்மல் இருள் இறங்கியது. ஆன் முழந்தாளில் நின்றபடியே ஒரு விரலால் சீலையின் ஓரத்தை விலக்கினாள். பாதி முகத்தில் டென்மார்க்கின் வெயில் விழ, மற்றப் பாதி இருட்டில் இருக்க, பிசகாமல் எங்களோடு செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.