பின் சீட்டுக்காரர் கேட்ட பேர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது நடந்தது. காலிம்போங் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே நான் பஞ்சர் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உகென் தமாங் வண்டிக்கு எத்தனை தடவை டியூப் மாற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பொய் சொல்ல வராத ஆள். போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். நான் கொடுத்த டீயில் பாதி அவன் சட்டையில்தான் இருந்தது. அது நான் பார்த்தது. மற்றது அவன் சொன்னது.

அன்று காலை ஏழு மணிக்கு உகெனுக்கு தில்குமார் ராய் போன் செய்தான். இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்ட். அதைவிட முக்கியம், இரண்டு பேரும் மீத். கூடப் பிறக்காத இருவர் சாமி முன்னால் நெற்றியில் அட்சதை வைத்து, தொப்பி மாற்றிப் போட்டுக்கொண்டு, சாகும்வரை சகோதரர் என்று சத்தியம் செய்கிற உறவு அது. ஒருவர் போனால் இன்னொருவர் தீட்டுக் காக்க வேண்டும். கேலி செய்தாலும் 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"மீத், ஒரு சவாரி இருக்கு. வயசானவர், ஒரே ஆள். ஊரைச் சுத்திக் காட்டணும்."

"இந்த சாவன் மாச மழையில யார் ஊர் சுத்த வர்றது? மலை எங்க தெரியப்போகுது, மேகம்தான் தெரியும்."

"அவருக்கு மேகமே போதுமாம்."

"அப்ப நீங்களே போகலாமே?"

"முட்டி வலிக்குது மீத்."

"போன வாரம் கால்பந்துல என் காலை வாரிவிட்டீங்களே, அந்த முட்டியா?"

தில்குமார் சிரிக்கவில்லை. லாட்ஜ் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

9.10. லாட்ஜ் வாசலில் பெரியவர் நின்றிருந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையில் மடக்கிய குடை. நல்ல மழை. குடை காய்ந்திருந்தது. ஸ்வெட்டரும்தான். இப்போதுதான் வெளியே வந்திருப்பார் என்று உகென் நினைத்தான்.

"உகென்தானே?" பெரியவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டே கேட்டார்.

"ஆமா பாபு. தில்குமார் சொன்னாரா?"

"போன வருஷமே சொல்லிட்டார்."

வயசானவர், ஏதோ தடுமாறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டான்.

10.25. தேலோ மலை. உச்சியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது நிமிஷம் மேகத்தைப் பார்த்தார். உகென் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் பார்த்தது பெரியவரை இல்லை, உகெனை. பிறகு அரிவாளை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

11.50. கள்ளிச்செடி நர்சரி. வாசலில் விளையாடிய குழந்தையை அதன் அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். உகெனைப் பார்த்து அவள் கண் கலங்கியது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. பெரியவர் ஒவ்வொரு செடியாக நின்று நிதானமாகப் பார்த்தார்.

12.40. சிரிங் அக்காவின் மோமோ கடை. கேட்பதற்கு முன்பே இரண்டு தட்டு வந்தது. இரண்டும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்தது. உகென் தட்டில் ஆவி பறந்தது.

எதிர்த் தட்டில் ஆவி இல்லை.

பெரியவர் தொடவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். உகென் கை கழுவப் பின்பக்கம் போனான். சிரிங் அக்கா அங்கே நின்றிருந்தாள்.

"தம்பி, யாருக்காவது போன் பண்ணணும்னா இப்பவே பண்ணிடு."

"ஏன்க்கா?"

"இந்த வருஷம் நீயா வந்து மாட்டணும்? போன வருஷம் தில்குமார். அதே மேஜை. அழுதுக்கிட்டே சாப்ட்டான்."

"யாருக்கா அந்த ஆளு?"

"ஆளா?" அவள் குரல் இறங்கியது. "நான் இங்க வாழ்க்கைப்பட்டு வந்ததுலேர்ந்து பாக்கறேன். வருஷத்துல ஒரு நாள். அதே ஸ்வெட்டர்."

உகென் பின்கதவைப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஓடிடாத. ஓடினா வீட்டுக்கு வந்துடும்."

தில்குமாருக்கு அடித்தான். மணி போனது... போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். இந்தத் தடவை போனையே அணைத்து வைத்திருந்தான்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. மீத்... தெரிந்தே அனுப்பினானா?

வாசலுக்கு வந்தான். பெரியவர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவி உகென் பையில் இருந்தது.

3.15. துர்பின் கோம்பா என்கிற புத்த மடம். உள்ளே முரசு ஒலித்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றதும் முரசு நின்றது. பிக்குகள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். டக்... டக்... டக். கடைசி ஜன்னலைச் சாத்தியவர் உகெனுக்கு நன்றாகத் தெரிந்தவர். தலையைக் குனிந்துகொண்டு சாத்தினார்.

இத்தனை பேருக்குத் தெரியும். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

"இன்னும் ஒரு இடம்தான்," என்றார் பெரியவர்.

4.05. தீஸ்தா ஆறு கீழே தெரிகிற வளைவு. அன்று ஆறு தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

"இங்க நிறுத்துங்க."

உகென் பிரேக்கை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை.

வேகமாகவும் போகவில்லை. மனுஷன் நடக்கிற வேகம். விளிம்பைப் பார்த்து...

ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கையோடு வந்தது. கதவைத் தள்ளினான். திறக்கவில்லை.

"ஒரு பேர் வேணும்," என்றார் பெரியவர். "அடுத்த வருஷத்துக்கு. உங்களுக்கு உயிரா இருக்கிறவங்க பேர். இல்லன்னா நாம ரெண்டு பேரும் கீழ போவோம். எனக்கு வழி தெரியும்."

"தில்குமார்!" உகென் கத்தினான். "தில்குமார் ராய்!"

"அவர் வந்துட்டுப் போயாச்சு."

சக்கரத்தின் கீழே கல் நொறுங்கியது. கர்... கர்...

"சொல்லமாட்டேன். யார் பேரும் சொல்லமாட்டேன்."

கர்...

முன்சக்கரத்தின் கீழே சத்தம் நின்றது.

அங்கே தரை இல்லை.

பல்லைக் கடித்தான். கண்ணை மூடினான்.

டக்.

வண்டி நின்றது.

மணி 4.11. பின் சீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை.

பின்னால் எடுத்து, திருப்பி, எப்படி ஊருக்குள் வந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. ஐந்தரைக்கு என் ஸ்டூலில் உட்கார்ந்து இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, கடை வாசலில் தில்குமார் வந்து நின்றான். மத்தியானத்திலிருந்து ஸ்டாண்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறான், உகென் வருவானா என்று பார்க்க.

உகென் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை இல்லாத வார்த்தை வந்தது.

"டேய்! என் பேரைக் குடுத்தியாடா? குடுத்துட்டு, தசைன் பண்டிகைக்கு என் வீட்ல வந்து தின்னியேடா!"

தில்குமார் விலகவில்லை. அடிக்கட்டும் என்பதுபோல நின்றான்.

"நான் குடுக்கல மீத்."

"பொய்."

"சத்தியமா. நானும் வாயைத் திறக்கல. எனக்கு யார் இருக்கா? பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. கண்ணை மூடினேன்... உங்க முகம் வந்துச்சு. வண்டி நின்னுடுச்சு."

"ஒரு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஓடிடுவீங்க. ஓடினா அது வீட்டுக்கு வரும். வீட்ல உங்க பொண்ணு இருக்கா."

உகென் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, உங்களுக்கும் தெரியுமா?"

நான் கையிலிருந்த டியூபைப் பார்த்தேன். ஓட்டை எங்கே என்று தேடுவதுபோல விரலால் தடவிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தில்குமார்தான் மெதுவாகக் கேட்டான். "நீங்க யார் பேரையாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"வண்டி நின்னுச்சுல்ல?"

உகென் அவன் சட்டையை விட்டான். முகம் வெளுத்தது. மழையில் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினான். வண்டியைக்கூட எடுக்கவில்லை.

அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டான். மகள் யாங்ஜியை சிலிகுரியில் நர்சிங் படிக்கச் சேர்த்துவிட்டான். மலைக்கு வராதே, ஸ்டியரிங்கைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை. தில்குமாரோடு அதற்குப் பிறகு பேசவும் இல்லை. என்னோடும்தான்.

இப்போது ஜூன் மாதம். போன சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, தோழி ஓட்டிவந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு யாங்ஜி என் கடைக்கு வந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நாள் லீவில் வந்திருக்கிறாள். பஞ்சர். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, ஒரு தமாஷ் கேளுங்க. நேத்து யாரோ ஒரு பெரியவர் போன் பண்ணார். அடுத்த மாசம் ஒரு நாள் ஊரைச் சுத்திக் காட்டணுமாம். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுன்னேன். 'இன்னும் ஒரு மாசம் இருக்கேம்மா, கத்துக்கோ'ன்னார்."

நான் பஞ்சரை ஒட்டினேன். காற்று அடித்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை.