அரிஷ்டம் குடித்தேன் என்று அடித்த கற்பூரம்

இதை எழுதப் பல வருடம் எனக்குக் கை வரவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதினால் தெரு மறுபடி வாய் திறக்குமோ என்று பயம். இப்போது பயமில்லை. அம்மன் பார்த்துக்கொள்வாள்.

அல்சூரில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் பால்குடம் எடுப்பது என் வேண்டுதல். அந்த வருடம் முகம் ஊதி, குரல் கரகரத்து, உடம்பு கனத்துக் கிடந்தது. அசதிக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கிக் குடித்துவந்தேன். மருந்துதானே என்று விரதத்திலும் விடவில்லை. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினேன். கோயில் வருவதற்குள் கால் தள்ளாடியது, நாக்கு குழறியது.

எதிர்வீட்டு அக்கா கிட்ட வந்து மோந்து பார்த்தாள்.

“அய்யய்யோ, ஸ்மெல் வருது! ஏன்டி, அம்மனுக்குப் பாலு, உனக்கு குவார்ட்டரா?”

எல்லாரும் சிரித்தார்கள். குடத்தை இறக்கி வேறொருத்தி தலையில் வைத்தார்கள்.

வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “தைராய்டு ரொம்பக் கம்மிம்மா. முகம், குரல், தடுமாற்றம் எல்லாம் அதான். உடம்போட வேலையே ஸ்லோ ஆயிடும், லிவர்கூட. அரிஷ்டத்துல தானா ஊறுன ஆல்கஹால் கொஞ்சம் இருக்கு. மத்தவங்களுக்கு சீக்கிரம் இறங்கிடுறது உங்க உடம்புல ரொம்ப நேரம் தங்கியிருக்கலாம்.”

“அரிஷ்டத்துல சாராயமா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிஷ்டத்தை விட்டேன். தினமும் தைராய்டு மாத்திரை போட்டேன். உடம்பு தேறியது.

அடுத்த ஆடியில் மஞ்சள் புடவை கட்டிப் போய் நின்றேன். அதே அக்கா எரியும் கற்பூரத்தைத் தட்டில் நீட்டினாள். “போன வருஷம் குடிக்கலைன்னு அடிச்சு சத்தியம் பண்ணு. அப்புறம் குடத்தைத் தொடு.”

உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சொன்னால் எங்களிடம் அதற்குமேல் பேச்சில்லை. பொய் என்றால் குடும்பத்துக்கு ஆகாது.

“அடிச்சுட்டு வாம்மா, மருந்துதானே” என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

“குடிச்சேன்க்கா. அரிஷ்டம் குடிச்சேன். எனக்குத் தைராய்டு. நான் குடிகாரி இல்ல. எல்லாம் நெஜம்.” அடித்தேன். உள்ளங்கை சுட்டது. இன்னொரு கட்டி ஏற்றி அவளிடமே நீட்டினேன். “இப்போ நீ அடிக்கா. நான் குடிகாரின்னு சொல்லி அடி.”

அக்காவுக்குக் கை எழவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். என் நல்லதுக்கென்று அரிஷ்டத்தை மறைக்க வேண்டாம். நான் மன்னிப்பு கேட்டேன் என்றும் சேர்க்க வேண்டாம். கேட்கவில்லை.