பருத்திக்குள் கோழிச்சூடன்

இங்கே டிராக்டர் தன்பாட்டில் ஓடுகிறது. சட்டலைட் வழி காட்ட, சாரதி காலை நீட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார். அது மருந்தடித்துவிட்டுப் போன பருத்தி வரிசைகளுக்குள் மண்வெட்டியோடு நடந்து போகிறவன் நான். மருந்துக்குச் சாகாத புல்லைத் தேடிப் பிடுங்குவதுதான் என் உத்தியோகம். ஊரில் கேட்பவர்களிடம், அவுஸ்திரேலியாவில் விவசாயத் துறையில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு புல்லைப் பார்த்துவிட்டு வரிசைக்குள் குந்திவிட்டேன். அசல் கோழிச்சூடன். எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனையில் ராத்தாவின், அதாவது என் அக்காவின், வயலில் நெல்லுக்குள் நெல்லாக ஒளிந்து நிற்கிற அதே சாமான். நெல் இலையின் அடியில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும், இதற்கு அது இல்லை. தடவிப் பார்த்தேன், இல்லைதான். பண்ணைக்காரர் க்ரெக் பின்னால் வந்து நின்று, ஊர் ஞாபகமா என்று கேட்டார். இல்லை, இந்தப் புல்லை எனக்குத் தெரியும் என்றேன். பாவம், மனிதர் இன்னும் கவலைப்பட்டுப் போய், என் தோளில் தட்டி, அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வரச் சொன்னார். நானும் இருந்தேன்.

புல் ஏன் சாகவில்லை என்று க்ரெக் பிறகு விளக்கினார். வருடா வருடம் ஒரே மருந்தை அடித்தார்களாம். செத்தது செத்தது, சாகாத ஒன்றிரண்டு விதை போட்டது. இப்போது முளைப்பதெல்லாம் அந்தச் சாகாததுகளின் பிள்ளைகள். இனி மருந்தை மாற்ற வேண்டும், பயிரை மாற்ற வேண்டும், அப்படியும் தப்புவதைப் பூக்க முன்னம் கையால் பிடுங்க வேண்டும். இத்தனை மெசினையும் வைத்துக்கொண்டு கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் என் பத்து விரல்.

இதை அப்படியே மச்சானுக்கு, ராத்தாவின் கணவருக்கு, போனில் சொன்னேன். எங்கள் பக்கம் களைகொல்லியை எண்ணெய் என்போம். அவர் வயலிலும் புல் சாகவில்லை, அதற்குக் காரணம் எண்ணெயில் கலப்படம் என்பது மச்சானின் முடிவு. கடையை மாற்றினார், தெளிக்கிற தாங்கியை மாற்றினார், ஒரு மூடி ஊற்றுகிற இடத்தில் இரண்டு மூடி ஊற்றினார். புதுப் பெயரில் வாங்கின போத்தலிலும் பழைய மருந்துதான் இருந்தது. நான் விடாமல் சொல்ல, மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ பருத்திக்குள்ள நிண்டுக்கு நெல்லுக்கு வைத்தியம் சொல்லாத” என்று போனை வைத்தார்.

இந்தப் பெரும்போகத்தில், மழைக்கால நெல் நிற்கிறபோது, என் மருமகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. ராத்தாவின் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை மருதமுனை, வேலை கத்தாரில். எங்கள் வழக்கப்படி காணி சீதனமாகப் பிள்ளையோடுதான் போகும். அதனால் மாப்பிள்ளையின் மாமா காணியைப் பார்க்க வருவதாக இருந்தது. கோழிச்சூடனோ நெல்லுக்கு மேலே ஒரு முழம் எழும்பி நின்றது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் ராத்தா தாங்க மாட்டா. அவர் வாறபோது நீ வாயே திறக்கக் கூடாது என்று மச்சான் எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

மாமா வந்த அன்று, வாய் திறக்கக் கூடாதவனை வீடியோ கோலில் எடுத்ததும் மச்சானேதான். நான் பருத்திக்குள் நின்றேன். மாப்பிள்ளையின் மாமா கைத்தறிச் சாரன் வியாபாரி. சாரனில் ஒரு இழை பிசகினாலும் பிடித்துவிடுவார், ஆனால் நெல்லை அரிசியாக மட்டுமே கண்டவர். புல் ஆக உயரமாக நின்ற மூலைக்கு நேரே வரம்பில் நின்று, “மாஷா அல்லாஹ், வேளாண்ம என்ன செழிப்பு” என்றார். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சினன் அவுஸ்திரேலியாவில் விவசாய எக்ஸ்பேர்ட் என்று போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“தம்பி, நீங்க சொல்லுங்க. காணி எப்படி?”

பின்னால் ராத்தா முந்தானையைப் பிடித்தபடி நின்றா. ஓம், நல்ல காணி என்று ஒரு சொல் சொன்னால் கலியாணம் முடிந்த மாதிரி. ஆனால் அந்தப் புல் இன்னும் கொஞ்ச நாளில் விதை கொட்டும், பிறகு வருடக் கணக்கில் என் மருமகளின் தலையில்தான் முளைக்கும்.

“மாமா, நீங்க பாத்துக்கு நிக்கிறது நெல்லில்ல. புல்லு.”

மச்சான் வாய்க்காலைப் பார்த்தார். அவர் அவ்வளவு கவனமாக வாய்க்காலைப் பார்த்து நான் கண்டதில்லை.

“அப்ப நெல்லு எங்க?”

“அதுக்குக் கீழ.”

மாமா குனிந்து விலக்கிப் பார்த்தார். நெல் அங்கே இருந்தது, இருக்கிறேன் என்கிற அளவுக்கு. இதற்கு என்ன எண்ணெய் என்று கேட்டார். எண்ணெய்க் காலம் முடிந்துவிட்டது, பூத்து விதை கொட்ட முன்னம் கையால் பிடுங்க வேண்டும், போகத்துக்குப் போகம் விடாமல் பிடுங்கினால் அடங்கும் என்றேன். மாமா நிமிர்ந்தார்.

“புல்லுக்காகப் புள்ளய வேணாமெண்டு சொல்ல ஏலுமா” என்றார் கடைசியில். ராத்தா அழுதுவிட்டா. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அவர் வியாபாரி. “சரி, இத ஆரு புடுங்கிற?”

மச்சானுக்கு முழங்கால் மடங்காது. மாப்பிள்ளை கலியாணம் முடிந்த கையோடு கத்தாருக்குப் போய்விடுவார். முன்னே எங்கள் வயல் வட்டையில் களை பிடுங்கினவர்களின் பிள்ளைகள் சவூதியில், துபாயில். மாமா போனுக்குள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க அங்க என்ன வேல செய்றீங்க, தம்பி?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. இடது கையில் இருந்த, சற்று முன் பருத்திக்குள் பிடுங்கிய கோழிச்சூடனைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வரம்பில் குனிந்து ஒன்றை வேரோடு பிடுங்கி, என்னுடையதோடு ஒத்துப் பார்க்கக் கமராவுக்கு நேரே பிடித்தார். இரண்டும் ஒன்றுதான்.

அன்றைக்கு ராத்தாவின் காணியில் ஒரு புல் குறைந்தது. அதைப் பிடுங்கியது நானில்லை.