லாபிர் நானாவின் கீழ்க்காய்நெல்லி

கடையின் அடுப்படிக் குசினித் திரையை இழுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, மோரில் கரைத்த கீழ்க்காய்நெல்லி இலை விழுதை ஒரே மடக்கில் விழுங்குகிறார் லாபிர் நானா. அடுத்த கணமே தட்டிலிருந்த கருப்பட்டி வட்டிலப்பத்தின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுகிறார். "கசப்பு இறங்க வேணாமா, தம்பி?" மருந்து போகிற வழியே நோயும் போகிறது.

துறைமுக வாசலுக்கு எதிரே அவருடைய சாப்பாட்டுக் கடை. எந்தக் கறிக்கும் உப்புப் பார்ப்பவர் அவர்தான். உப்புப் பார்க்க ஒரு பராட்டாவாவது வேண்டும். சீனிக்குப் பங்கீட்டுக் கூப்பன் இருந்த நாட்களில் ஆள் சற்று ஒடுங்கியிருந்தார். கூப்பன் போனது, இடுப்புப் பட்டி எட்டாமல் போனது.

போன மாதம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஈரல் பெருத்திருக்கிறது, கொழுப்பாக இருக்கும், எண்ணெயையும் இனிப்பையும் விடுங்கள் என்றார். நானாவின் காதில் ஏறியது ஈரல் மட்டும்தான். இந்தத் துறைமுகத்தில் ஈரல் கெட்டவன் என்றால் குடிகாரன். கீழ்க்காய்நெல்லியும் குடிகாரன் மருந்து. வேறு விளக்கம் யாருக்கும் தேவையில்லை.

"ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல, தம்பி. மகளுக்கு மாப்பிள்ளை பேசுற நேரம். பள்ளிவாசல்ல என்ன கதைப்பாங்க?" சாப்பிட வந்த நான் கைகழுவப் போன இடத்தில் கண்டுவிட்டதால் என்னிடம் மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது. மற்றவர்களிடம் அது இலைக்கஞ்சி என்று சொல்லிவைத்திருந்தார்.

நேற்றுக் காலை வின்சன்ட் வந்தார். கப்பலில் மூட்டை இறக்குபவர், சாராயத்துக்குப் பேர்போனவர். கண்ணிரண்டும் மஞ்சள்.

"நானா, வயிறு ஒண்டும் ஏற்குதில்ல. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக் கிடக்கு. கீழ்க்காய்நெல்லி எங்க எடுக்கலாம் எண்டு தெரியுமோ?"

கடை நிறைய ஆட்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் தாஹிர் ஹாஜியாரும் தேத்தண்ணியோடு இருந்தார். "குடிகாரன்ட மருந்த நானாட கடையில தேடுறீங்களே!" என்று அவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டு வெளியே திரும்பினார்.

"நில்லுங்க, வின்சன்ட்."

நானா உள்ளே போனார். அன்றைக்குரிய மருந்துக் கோப்பையோடு வந்து, கடை நடுவில் நின்றார். 

"நானும் இதத்தான் குடிக்கிறன். எனக்கும் ஈரல்தான். குடிச்சிட்டு ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவம்."

 ஹாஜியாரின் முகத்துக்கு நேரே நின்று பாதியைக் குடித்தார். மீதியை வின்சன்டிடம் நீட்டினார்.